கை நனைக்காத விருந்து

சர்ச் கமிட்டித் தேர்தலில் அண்ணனுக்கு எதிரான அணிக்கு ஓட்டுப் போட்டேன். நான் செய்த ஒரே பாவம் அதுதான். "இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேம்ல" என்று தூத்துக்குடியில் என் வாசலில் நின்று சொல்லிவிட்டு நாசரேத்துக்குப் பஸ் ஏறியவர், நாலு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. தோற்றவருக்கு அவ்வளவு ரோஷம். ஜெயித்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்று கேட்காதீர்கள். புது மைக் செட் வாங்கினார்கள், அதுவும் இரைகிறது.

இப்போது மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா வந்து முன்னால் நிற்க வேண்டும். கோபித்துக்கொண்டு போனவர் வீட்டில் வந்து ஒரு வாய் சாப்பிட்டால்தான் சண்டை முடிந்தது என்று அர்த்தம், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மகளே போனில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வரச் சம்மதிக்க வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முந்தின நாளே பெங்களூரிலிருந்து வந்து இறங்கியவள் சமையலறையைக் கைப்பற்றினாள். சோறு, குழம்பு எல்லாம் பழசாம். ஒரு பலகையில் சீஸும் கறியும் அடுக்கி நடுவில் வைப்பதுதான் இப்போது விருந்தாளிக்கு மரியாதையாம். நானும் தலையாட்டினேன். பொய் சொல்லுவானேன், நாகரிகத்தில் அண்ணனை அசத்திவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதற்கு ஏதாவது பலன் வேண்டாமா? கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் ஓர் அண்ணாச்சியைப் பிடித்து, மூன்று வகை சீஸும் சலாமி என்ற பதப்படுத்திய கறித் துண்டுகளும் வாங்கி வந்தேன். என் மனைவி ஒரு சீஸைத் திருப்பிப் பார்த்தாள். "ஏளா, பூசணம் புடிச்சத கடைக்காரன் உங்கப்பா தலையில கட்டிட்டான்" என்று வெள்ளைத் தோல் முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டாள். அந்தத் தோல்தான் சீஸுக்கு ருசியே என்று மகள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். சலாமியை ரோஜாப்பூவாக மடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மனைவி ஆசையாக ஓரத்தில் வைத்த எங்கள் ஊர் மக்ரூன் இனிப்பு இரண்டும் வெளியேற்றப்பட்டன, நிறம் சேரவில்லையாம். அடித்த வெக்கையில் சீஸுக்கு எங்களைவிட அதிகமாக வியர்த்தது.

அண்ணன் வந்தார். பலகையைப் பார்த்தார். கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். "வழி தப்பினவர்களையும் மன்னியும் ஆண்டவரே" என்ற இடத்தில் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மகள் பல்குத்தும் குச்சி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். ஒரு துண்டைக் குத்தி எடுத்து மென்றார். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ரோஜாத் தோட்டமே காலி. தொலைந்தது சண்டை என்று நான் மனைவியைப் பார்த்துச் சிரித்தேன்.

"அத்தான், கை கழுவ வாங்க" என்றாள் அவள் அண்ணனிடம்.

அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எதுக்கு? குச்சியிலதான தின்னேன். நான் கை நனைக்கவே இல்லையே."

அட பாவி மனுஷா! பலகையைத் தூக்கி வீசலாம் போல வந்தது. வாயைத் திறந்தால் கல்யாணம் அத்தோடு போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகளுக்கு முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, அண்ணன் மெல்லச் செருமினார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார்.

"சரி, போட்டும். பிள்ள மொகத்துக்காவ சொல்லுதேன். ஏலே, எலையப் போடு. சோறு திங்கேன்."

நாலு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இருவது நிமிஷம் அண்ணே, இப்ப குக்கர வச்சிருவா..."

அவர் எழுந்து போய்ச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்தான் இருந்தன. திரும்பியபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏலே, அண்ணன் வாரான்னு தெரிஞ்சும் ஒரு பிடி அரிசி போடலையா நீ?"

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வாசலில் செருப்பைத் தேடினார்.