காயத்துக்குக் காப்பித்தூள்

1998 நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி; வெளியே தூறல். தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழுக்கி என் கட்டைவிரலை வெட்டிவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் விரலே போய்விடும் என்று பயந்து, டப்பாவிலிருந்த நான்கு கரண்டி காப்பித்தூளையும் காயத்தில் அப்பினேன். எங்கள் வீட்டில் முதல் மருந்து அதுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சோப்புப் போட்டுத் தூளைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"சீனி போடலையாய்யா?"

"விரல் தப்புமாம்மா?"

"இம்புட்டூண்டு காயத்துக்குத் தையலே வேணாம். இனிமே தண்ணியில நல்லாக் கழுவிட்டு, சுத்தமான துணிய வச்சு அழுத்திப் பிடிங்க. காப்பியக் குடிங்க."

கட்டுப் போட்டு ஊசியும் குத்தினார்.

வீட்டில் மனைவி காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "விரலு தப்பிச்சிருச்சு. எனக்குக் காப்பிதேன் போச்சு."

கட்டு, ஊசி முப்பத்தைந்து; புதுக் காப்பித்தூள் பன்னிரண்டு. ஆக நாற்பத்தேழு ரூபாய்.