அவர் ஊதாத கையெழுத்து

அரூர் பேருந்து நிலையத்தில்தான் அவரைப் பார்த்தேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு வேண்டாம் என்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். காலர் நைந்த வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. பால்பாயிண்ட் பேனாதான், ஆனாலும் யார் கையெழுத்துப் போட்டாலும் மை காய்வதற்காக வாயால் ஊதுவார்.

பத்தாவது பரீட்சையில் தவறியதோடு பள்ளியை விட்டவள் நான். தேர்வு ஒழிந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் மகள் இந்த வருடம் எழுத வேண்டியிருந்தது.

“எம் பேரைப் பாத்துட்டு அவ ஹால் டிக்கெட்டை நிறுத்திட்டாங்கன்னா?”

“அதெல்லாம் செய்ய மாட்டாங்கக்கா. தைரியமா போடுங்க.”

தாளை மேலும் கீழும் பார்த்தேன். “உங்க பேரைக் காணமேங்க?”

தலையைச் சொறிந்தார். “எம் பையனும் இந்த வருசந்தாங்க எழுதறான்.”

“அப்ப எம் பொண்ணு மட்டும் மாட்டணுமா? நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!”

பக்கத்தில் பூ விற்றவள் சிரித்துவிட்டாள். அவர் சட்டென்று ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் அதற்குக் கீழே நானும் போட்டேன்.

என் கையெழுத்தை ஊதினார். தன்னுடையதை ஊதவில்லை. பயத்தில் மறந்துவிட்டாரா, இல்லை, அது அவர் பெயரே இல்லையா?

மகள் தேர்வெழுதித் தேறியும் விட்டாள். எனக்குத்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை.