குழம்பு கொதித்தது, மீன் இன்னும் வரவில்லை

மாமல்லபுரம் போய் வந்தவர்கள் எல்லோரும் சிற்பங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். அந்தக் கரையில் பசித்தால் எங்கே சாப்பிடுவது என்று ஒருவரும் எழுதக் காணோம். நான் சாப்பாட்டுக்காகவே போனவன். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து எட்டு வருஷமாகிறது. செங்கல்பட்டில் எனக்கு அலுவலக வேலை, ஓட்டல் சாப்பாடு, ஓயாத வயிற்று வலி. பக்கத்து மேஜைக்காரர் தேவராஜ் பொங்கல் கழிந்த ஞாயிறன்று மூன்று நண்பர்களோடு காரில் போய், ஒரு மீனவர் குப்பத்தில் அஞ்சலை என்பவள் கடையில் வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். ஒரு வாரம் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு என் நாக்கு ஊறிப்போயிற்று. மூன்று வாரம் கழித்து, தை மாதக் கடைசி ஞாயிறன்று நானும் கிளம்பினேன்.

காலை ஆறேகாலுக்குச் செங்கல்பட்டில் பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல், டிக்கெட் பத்தணா. திருக்கழுக்குன்றத்தில் கால் மணி நேரம் நிற்கும். அங்கே ஒன்றரை அணாவுக்குக் காபி என்ற பெயரில் ஒன்று கொடுத்தார்கள், வேண்டாம். மாமல்லபுரத்தில் இறங்கும்போது மணி ஏழே முக்கால். அங்கிருந்து கடலோரமாக வடக்கே மூன்று மைல் நடக்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். காய்ந்த மணலில் போனால் ஒன்றரை மணியும் ஆகும், இடுப்பும் விட்டுப்போகும். இடது கையில் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில்தான் குப்பம்.

நான் போனபோது கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. பெண்கள் கூடைகளோடு கூடி நின்றார்கள். கடையில் மீன் தீர்ந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. நாமே வாங்கிக் கொண்டு போய்ச் சமைக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள், கையில் தேள் பச்சை குத்தியிருந்தாள், நல்ல காலா மீன் ஒன்றை வைத்திருந்தாள். எட்டணா சொன்னாள். ஏழணாவுக்குப் படிந்தது.

"எங்க ஆக்கித் துன்னப் போற?" என்றாள்.

"அஞ்சலை கடையில்தான் அம்மா."

அவ்வளவுதான். என் கையிலிருந்த மீனைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். ஏழணாவையும் மணலில் வைத்தாள்.

"அங்க போற மீனு இல்ல இது. காச எடுத்துக்கினு போ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிடுங்குவது என்ன நியாயம் என்று கத்தினேன். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காசைப் பொறுக்கிக்கொண்டு நடந்தேன்.

அஞ்சலை கடை என்பது மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. எட்டுப் பேர் உட்காரலாம். அன்று ஒருவரும் இல்லை. அஞ்சலைக்கு முப்பது வயதிருக்கும். அடுப்பில் பெரிய மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கோவிந்தன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஆவுல சாமி. குந்து," என்றாள் அஞ்சலை.

வாசனையில் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். புளி, மிளகாய், பூண்டு எல்லாம் சேர்ந்து சிவப்பாகக் கொதிக்கிறது. ஒரு துண்டு மீன்கூட இல்லை.

"மீன் போடவில்லையே அம்மா?"

"வர்ணும்."

"நான்கூட ஒன்று வாங்கினேன். உங்கள் கடை பெயரைச் சொன்னதும் ஒரு கிழவி பிடுங்கிக்கொண்டாள்."

அகப்பை நின்றது. "கையில தேள் பச்ச குத்திக்கினு இருந்துச்சா?"

"ஆமாம்."

அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கெடுத்துட்டியே சாமி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோவிந்தன்தான் சொன்னான். அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னான்.

"பொங்க கழிஞ்ச வெள்ளிக்கெழம ஏழுமலைன்னு ஒருத்தன் கடலுக்குப் போனான். வரல. ஒடம்பு கரைக்கு வர்ற வரிக்கும் இங்க யாரும் மீனுக்குப் போவக் கூடாது. தேடத்தான் போவலாம். செங்கப்பட்டுலேர்ந்து நாலு பேரு ஞாயித்துக்கெழம வர்றோம், வஞ்சிரம் வேணும்னு மொதல்லியே சொல்லி அனுப்ச்சிருந்தாங்கோ. இவ சரின்னு வாக்கு குடுத்துட்டா. நானும் தேடப் போறவனாட்டம்தான் மரத்தைத் தள்ளுனேன். வலைய உள்ள வெச்சிக்கினு போனேன்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டான்.

"அவங்கோ இங்க துன்னுக்கினு இருக்க சொல்லோதான் ஏழுமலை ஒடம்பு கரைக்கு வந்துச்சி."

அந்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் நாக்கு ஊறக் கேட்ட கதை அல்லவா? உட்கார்ந்த இடத்தில் கூசிப்போனேன்.

அன்று முதல் இவர்கள் வீட்டுக்கு ஊர்க்கட்டு. ஒருவரும் மீன் தரக் கூடாது, கடையில் கை நனைக்கக் கூடாது. காரியம் முடிந்து வரும் முதல் ஞாயிறன்று, அதாவது நான் போன அன்று, இவர்கள் மீனில்லாமல் குழம்பு கூட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். செத்தவன் வீட்டிலிருந்து ஓர் ஆள் மீன் கொண்டுவந்து சட்டியில் போட்டுச் சாப்பிட்டால் கட்டு அவிழ்ந்தது. உச்சிப் பொழுது தாண்டியும் வராவிட்டால் குழம்பை மணலில் கொட்டிவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். ஏழுமலையின் பெண்டாட்டி வெளியே வரக் கூடாத சமயம். வர வேண்டியவள் அவன் தாய் கன்னியம்மாள். அவள் கையில்தான் தேள் பச்சை.

அவளிடம் போய்த்தான் நான் அஞ்சலை கடைக்கென்று மீன் கேட்டிருக்கிறேன். கட்டு அவிழ்வதற்குள் வெளியாளை விட்டு மீன் வாங்கப் பார்த்ததாக அவள் நினைத்திருப்பாள். என் அவசரப் புத்தியை நொந்துகொண்டேன். எழுந்து போகவும் மனமில்லை. கோவிந்தன் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அவள் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதரையிலிருந்து காத்திருந்தோம். குழம்பு சுண்டச் சுண்ட அஞ்சலை வெந்நீர் ஊற்றினாள், மூன்று தடவை. பதினொன்றரைக்குக் கோவிந்தன் எழுந்து சுவரில் மாட்டியிருந்த துணிகளை எடுத்து மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தான். அஞ்சலை தடுக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. கன்னியம்மாள், இடுப்பில் கூடை. உள்ளே வந்து சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கித் துன்னது நீயா?"

"இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, மீன் கேட்டது நானாத்தான் கேட்டேன்..." என்று உளறினேன்.

"அத்த கேக்கல. அன்னிக்கித் துன்னது நீயா?"

"இல்லை அம்மா. என் சிநேகிதர்."

"இன்னா சொன்னாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அந்த முகத்துக்கு எதிரே வரவில்லை. "பிறந்ததிலிருந்து இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை என்றார்."

அஞ்சலை முகத்தைப் பொத்திக்கொண்டாள். கன்னியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எம் புள்ளயும் அத்தான் சொல்லுவான். இவ கொழம்பு வெச்சான்னா வூட்ல துன்ன மாட்டான்."

கூடையை இறக்கி, உள்ளிருந்த சங்கரா மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் போட்டாள்.

அவள் சாப்பிட்ட பிறகு எனக்கு இலை போட்டார்கள். குழம்பு எப்படி என்று கேட்பீர்கள். தேவராஜ் சொன்னதில் மிகையே இல்லை. அந்த நேரத்திலும் எனக்கு ருசி தெரிந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. நான் கை கழுவும்போது குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சாப்பாடு ஆறணா, வறுத்த மீன் இரண்டணா கூட. தண்ணீர் நன்றாக இருக்கும். குடை அவசியம். மாமல்லபுரத்திலிருந்து கடைசி பஸ் நாலரைக்கு, ஆகவே இரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் போனால் எந்த மீன் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். இருப்பதைச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லை என்றால் திரும்பி நடங்கள். மூன்று மைல்தான். இன்ன நாள் வருகிறோம், இன்ன மீன் வேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பாதீர்கள்.