மாடியில் பூத்த நாணல்

கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு காலி மனையிலிருந்து அந்த நாணலை வேரோடு பெயர்த்து வந்தது நான்தான். அடுக்குமாடி கட்ட அங்கே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூர் வரை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இலை விளிம்பு பட்டு முழங்கையெல்லாம் கீறல்.

"ஆட்டோ பிடிச்சு புல்லையா கொண்டு வந்தே?" என்று என் கணவர் சிரித்தார்.

நாங்கள் கீழ்வீடு. மாடியில் கொழுந்தனும் அவர் மனைவியும். தூர் பெரிதாக இருந்ததால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மாமரத்தடியில் நல்ல மண்தொட்டியில் வைத்தேன். மற்றதை ஓரகத்தி கேட்டு வாங்கிப் போனாள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, செடி வைத்தே பழக்கமில்லை. விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளியில் நட்டு மொட்டைமாடி மூலையில் வைத்தாள். பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.

என் நாணலுக்கு மண்புழு உரம், காலையும் மாலையும் தண்ணீர். இலைகள் கரும்பச்சையாக நீண்டு, தங்கள் கனம் தாங்காமல் சரிந்தன. பூ மட்டும் வரவே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். அவளுடைய வாளியிலிருந்து ஆளுயரத்துக்கு வெள்ளைவெள்ளையாகப் பூக்கதிர்கள். காற்றடித்தபோதெல்லாம் மொத்தமும் ஒருபக்கம் சாய்ந்து மினுங்கின. எனக்கு வயிறு எரிந்தது. கையிலிருந்த ஈரப்புடவையை உதறாமலே கொடியில் போட்டுவிட்டு இறங்கினேன்.

அதன்பின் என் கணவர் மாலைக் காபியை மாடிக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார். "கீழே இருக்கிறதும் இதே புல்லுதானா?" என்று ஒருநாள் கேட்டார். மறுநாள் காபியை அவரே போட்டுக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஓரகத்தி ஒவ்வொருவரிடமும், "அக்கா குடுத்ததுதான்" என்றே சொன்னாள். அவள் பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை மேலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் சாஞ்சி கீது, வாங்களேன்!"

ஓடினேன். கதிர்கள் நனைந்த பஞ்சாகத் தரையில் கிடந்தன. ஒரு நிமிடம் மனதுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அழுதிருந்தாள்.

"இப்ப இதை ஒட்ட வெட்டிவிடணும். அடுத்த வருஷம் இன்னும் நெருக்கமா வரும்" என்றேன். நான் தூரைச் சேர்த்துப் பிடிக்க, அவள் கத்தரியால் வெட்டினாள்.

வெட்டி முடித்ததும் கேட்டாள்: "உங்களுத ஏன் நெழல்ல வெச்சிகினு கீறீங்க? இங்க நல்லா வெயில் கீதே."

எத்தனை முறை உரம் போட்டேன், வெயிலைப் பற்றி ஒருமுறையும் யோசிக்கவில்லை. அதை அவள் வாயால் கேட்பது கசந்தது. ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் கொழுந்தனும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் தொட்டியை மேலே ஏற்றினார்கள்.

இந்த வருடம் இரண்டும் பூத்தன. பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, "யாரோட செடி?" என்றாள்.

"எங்களுதுதான்" என்றாள் ஓரகத்தி.

"மண்தொட்டியில இருக்கிறது என்னோடது" என்றேன் நான். அவளுடையது இன்னும் என்னுடையதைவிட ஒரு சாண் உயரமாகத்தான் இருந்தது.