படத்துக்கு முன்னால் வைத்த சாக்லேட்

என் வீட்டுக்காரர் குனிஹிகோ ஒனோமிச்சியில் முப்பது வருடமாக முடி வெட்டுகிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வீட்டுக்கு ஆரஞ்சு வந்தாலும் அரிசி மூட்டை வந்தாலும் முதலில் பூஜை மாடத்தில் தோமோயேயின் படத்துக்கு முன்னால் வைத்து மணியைத் தட்டுவார். அப்புறம்தான் எங்கள் வாய்க்கு. தோமோயே அவருடைய முதல் மனைவி, செத்து ஐந்து வருடமாகிறது. நான் வந்து மூன்று வருடம், இன்னும் அவள் மிச்சத்தைத்தான் தின்கிறேன்.

எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அதற்காகக் காதலர் தின சாக்லேட்டையுமா?

கோபேயிலிருந்து வரவழைத்த நல்ல கசப்பு சாக்லேட். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஐம்பத்திரண்டு வயதில் வெட்கப்பட்டுக்கொண்டு நீட்டினேன்.

"அடடே, எனக்கா?" என்றவர், நேரே போய் அவளுக்கு முன்னால் வைத்து மணியடித்துவிட்டுக் கீழே கடைக்கு இறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அசுகி அவள் வளர்த்த நாய். ஐந்து கிலோகூட இருக்காது. என் கையால் தின்றுவிட்டு அவள் படத்தடியில் போய்ப் படுக்கும். அவர் இறங்கியதும் அது மாடத்தில் காலை ஊன்றிப் பெட்டியை இழுத்துக் கிழித்தது. துணி மடித்தபடி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் படைத்ததை அவள் நாயே தின்னட்டும்! வயிற்றால் போகும், அவரே துடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக, உயிருக்கே ஆபத்து என்று தெரியாது.

எதையோ எடுக்க மேலே வந்தவர் கிழிந்த தாளைப் பார்த்ததும் வெளிறிப்போனார். நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னால் நானும்.

"எப்போ தின்னுச்சு?" என்றாள் டாக்டர்.

"தெரியலையே, நான் கடையில இருந்தேன்."

"நேரம் தெரிஞ்சாகணும். இப்பத்தான்னா வாந்தி எடுக்க வெச்சிடலாம். கசப்பு சாக்லேட்டுதான் ரொம்ப மோசம். இத்துணூண்டு நாய்க்கு இதயம் தாங்காது."

சொன்னால் மாட்டிக்கொள்வேன். அசுகி மேசைமேல் நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

"ஒண்ணே காலுக்கு. அரைமணிகூட ஆகல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்துக்கிட்டா?" என்றார் அவர்.

"உங்களுக்குன்னு ஆசையா வாங்கினேன். அவங்களுக்குக் கொண்டுபோய் வெச்சீங்களே!" கத்தியே விட்டேன்.

டாக்டர் ஊசி போட்டாள். மூன்று முறை வாந்தியெடுத்து அசுகி பிழைத்தது. அவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வெளியே வரவேற்பு மேசையிலிருந்த பெண் அசுகியின் பழைய அட்டையை எடுத்தாள். "நாய்க்குச் சொந்தக்காரங்க தோமோயே, நீங்கதானேம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா, பேரை மாத்திடுங்க," என்றார் அவர். "மிசாவோ. இனிமே இதோட உசுருக்கு இவதான் ஜவாப்பு."

மூன்று வருடமாக எந்தப் பேச்சைக் கேட்கத் தவம் கிடந்தேனோ, அது இப்படியா வர வேண்டும்! அந்தப் பெண் அட்டையை என்னிடமே நீட்டினாள். தோமோயேயின் பெயரை அடித்துவிட்டுக் கீழே என் பெயரை எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. மேலே, நான் கிழித்த கோட்டுக்கு அடியிலும், அவள் எழுத்து முத்து முத்தாகத் தெரிந்தது. பாவி, என்ன அழகாக எழுதியிருக்கிறாள்!