ரீலுக்குத் தேங்காயெண்ணெய்

ஒரு ஜனவரி காலை, வடக்கே ஏரிக்கரையில் மீன்பிடி முகாம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் ஸ்டோருக்கு வந்தார். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க, தூண்டில் நூல் சுற்றும் ரீல்கள் சில அவருக்குத் தேவைப்பட்டன. ஒன்றை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினார். அது அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. முதலாளி முசியே லூக் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் மச்சான் அன்ரனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறாம் ஆண்டளவில் நடந்தது அது. நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் இருந்த அந்த ஸ்டோரில் நான்தான் மேற்பார்வையாளன். கோடையில் முகாம்கள் வாடகைக்கு விட்ட தூண்டில் தடி, ரீல், கைவலை எல்லாம் இலையுதிர் காலத்தில் எங்களிடம் வந்து குவியும். பனிக்காலம் முழுக்க அவற்றைக் கழற்றி, கழுவி, பழுது பார்த்து, முகாம் வாரியாக அடுக்கி வைப்போம். "மீன் பிடிக்காத காலத்தில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களின் கையில் ஒரு ரீலைக் கொடுத்து, கழற்றிப் பூட்டச் சொல்லவேண்டும். நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ராக் நட்டைத் தளர்த்தி வைக்காவிட்டால் உள்ளே வொஷர் நசிந்துவிடும். பழைய நைலோன் நூலை உருவவேண்டும். கியருக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஒரு துளி ரீல் ஒயில். இவ்வளவுதான் வேலை. இதைத்தான் அன்ரனுக்கு வாய் நோகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்ரன் என் மனைவியின் தம்பி. மன்னாரில் கடலுக்குப் போய் வந்தவன். அவனுடைய மனைவி ஜெனி இன்னும் ஊரில் இருந்தாள். அரசாங்க உதவிப்பணத்தில் இருந்துகொண்டு அவளை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட முடியாது. அவனுக்கு வேலை வேண்டும். "என்ர தம்பிக்கு ஒரு வேலை எடுத்துக் குடுக்க உங்களுக்கு மனமில்லை" என்று என் மனைவி நாள்தோறும் மூக்கைச் சிந்தினாள். தொல்லை தாங்காமல் முசியே லூக்கிடம் போய், "நல்ல மீன்பிடிக்காரன், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். என் வாயை என்ன சொல்ல.

முசியே லூக் ஒரு ரீலின் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைக் கட்டி. மணந்து பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் கேட்டார்: "இது ஏன் கேக் மாதிரி மணக்குது?"

எனக்கு விளங்கிவிட்டது. "டேய், இதுக்குள்ள என்ன போட்டனீ?"

"தேங்காயெண்ணெய் அத்தான். சுத்தமான எண்ணெய். ஊரில தையல் மெஷினுக்கும் இதுதானே."

"இங்க தந்த ஒயிலுக்கு என்ன வந்தது?"

"அது மண்ணெண்ணெய் மாதிரி மணக்குது அத்தான். அந்த மணம் தூண்டிலில பட்டால் மீன் கிட்டவும் வராது."

"உன்ர குசினியில அந்த எண்ணெய்ப் போத்தல் இப்ப எப்பிடி இருக்கு?"

"கட்டியாத்தான் இருக்கு. ஒவ்வொரு நாளும் விடிய அடுப்படியில வைச்சு உருக்கிப்போட்டுத்தான் கொண்டு வாறனான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தினமும் உருக்கிக் கொண்டுவந்தவனுக்கு, ரீல்களை அடுக்கி வைக்கும் சூடாக்காத பின்னறையில் அது திரும்ப உறையும் என்று தோன்றவில்லையாம். "எண்ணெய் போட்டியா?" என்று நான் கேட்டபோதெல்லாம் "ஓம் அத்தான், நல்ல எண்ணெய்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அது வெள்ளிக்கிழமை. முசியே லூக் அந்த ரீலை என் கையில் தந்து சொன்னார்: "திங்கள் காலமை எல்லா ரீலும் சுத்தவேணும். சுத்தாட்டி உன்ர மச்சான் வீட்டை போகலாம்."

சனி முழுக்கக் கழற்றினோம். ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. ஒவ்வொரு பேரிங்கையும் வழித்துக் கழுவித் துடைத்து, அந்த மண்ணெண்ணெய் மணக்கிற ஒயிலையே போட்டோம். நான் வாய் ஓயாமல் ஏசினேன். அவன் தலையைக் குனிந்து பேரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "அவளைக் கூப்பிட ஏலாமல் போயிடுமோ அத்தான்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். "கதையை விட்டிட்டு வேலையைப் பார்" என்றேன்.

திங்கள் காலை முசியே லூக் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சுற்றின. தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். அன்ரன் வேலையில் தங்கினான்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவன் ஃபோன் கார்ட் போட்டு ஊருக்குக் கதைத்தான். "சனி ஞாயிறும் வரச்சொல்லிக் கெஞ்சினவங்கள் ஜெனி. நான் இல்லாட்டி இங்க ஒண்டும் ஓடாது."  ஃபோனைப் பறித்து நடந்ததை எல்லாம் சொல்லுவோமா என்று நினைத்தேன். அதற்குள் அவனே நீட்டினான். "அத்தான், நீங்களே சொல்லுங்கோ."

ஜெனியின் குரல் தூரத்தில் கேட்டது. "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இவர் அங்க ஒழுங்கா வேலை செய்யிறாரோ? என்னைக் கூப்பிடுவினமோ?"

அன்ரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக அவனை ஏசிய அதே வாயால் பதில் சொன்னேன்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "நல்லாச் செய்யிறான். நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: பொறுப்பு நிற்பது ஆளைச் சேர்க்கிற அன்றைக்கே முடிகிற காரியம் இல்லை. ஜெனியிடம் நான் சொன்ன அந்தப் பொய்யை, அவனை வேலையில் பழக்கி உண்மையாக்க எனக்கு இன்னும் இரண்டு பனிக்காலம் பிடித்தது.