இடது காதில் விட்ட தாளம்

பாஞ்சாலி பாடிய பாட்டு சேலத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. குரலில் குறை இல்லை. குரலுக்குப் பின்னால் டிக், டிக் என்று ஒரு சத்தம். தாளம் பிசகாமலிருக்க அவள் காதுக்குள் ஓட விட்ட சத்தம் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறியிருந்தது. சேலம் நாடகக் குழுவுக்கு இசை போடும் சந்திரமோகன் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்று நாலு மணிக்குள் சுத்தமாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

பாஞ்சாலிக்கு வயது ஐம்பத்திரண்டு. மொரப்பூர் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் பதினொரு வருஷமாக வேலை. ரம்பம் எப்போதும் அவளுக்கு இடது பக்கம். காதில் வைக்க ஒரு பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. கொடு என்று கேட்க அங்கே சங்கமும் இல்லை. இடது காது செத்து மூன்று வருஷம் ஆகிறது. சொன்னால் வேலை போகும். அதனால் மேஸ்திரி என்ன கேட்டாலும் தலையாட்டுவாள். வீட்டிலும் அதே தலையாட்டல்தான். கேழ்வரகுக் காட்டில் களை எடுத்தபடி பாடிய பாட்டுகளை ஒரு நாடகக் குழு தேடி வந்து கேட்கும்போது, காது கேட்காது என்று எப்படிச் சொல்வாள்?

பதிவு செய்வது மருமகள் கவிப்பிரியா. ஜன்னலில் கம்பளி கட்டினாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஹெட்போன் மேல் துண்டைச் சுற்றினாள். எதுவும் பலிக்கவில்லை. ரயில் ஒன்று கடந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவள் கவனித்தாள். தன் குரல் தனக்குக் கேட்க அத்தை ஹெட்போனின் வலது பக்கத்தை விலக்கிவிடுகிறாள். விலக்கியதும் தாளம் கேட்காமல் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள். கசிவு அங்கேதான்.

"வலது காதத் தொறந்தே வச்சிக்குங்க அத்தை. தாளத்த எடது பக்கம் மட்டும் வுடறேன்."

பாஞ்சாலி இடது பக்கத்தைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதுங்களா?"

தலையாட்டினாள்.

தாளம் ஓடியது. பாட்டு எடுக்க வேண்டிய இடம் வந்தது, போனது. பாஞ்சாலி மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவிப்பிரியா நிறுத்தினாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். இந்த முறை தலை ஆடவில்லை. பாஞ்சாலி சொல்லிவிட்டாள்.

மணி மூன்றே கால். கவிப்பிரியா இடது பக்கச் சத்தத்தை அடியோடு நிறுத்தி, மைக்கையும் அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். வலது பக்கத்தைக் காதோடு இறுக்கி, தாளத்தைக் குறைத்து, பாடுகிற குரலையும் அதிலேயே சேர்த்து விட்டாள். விலக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இரண்டாம் தடவையில் பாட்டு சுத்தமாக வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்கள்.

உடனே பதில் வந்தது. பாட்டு சரி. மீதி மூன்று பாட்டையும் ஞாயிற்றுக்கிழமை சேலம் ஸ்டுடியோவில் வந்து பாட வேண்டும்.

பாஞ்சாலி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அங்கே யார் தாளத்தை எந்தப் பக்கம் விடுவார்களோ. சொன்னால் வேண்டாம் என்பார்களோ. ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம் என்றாள்.

"போயி? அங்கயும் தலைய ஆட்டுவீங்களா?"

பாஞ்சாலி போனை மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

"எழுது கண்ணு. எனக்கு எடது காது கேக்காது. வலது பக்கந்தான் வுடணும். அப்பிடியே எழுது."

செய்தி சந்திரமோகனுக்குப் போனது. படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பாஞ்சாலி போனை வாங்கி, வலது காதுப் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.